மண்ணுக்குள் நீல வாளி

கொழும்பில் வாளி வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த மாமா, லீவில் எங்கள் ஊரான நாரந்தனைக்கு வந்தபோது தன் அக்காவான என் அம்மாவுக்கு ஒரு நீல பிளாஸ்டிக் வாளி கொண்டுவந்தார். வந்த கையோடு முற்றத்தில் பாடமும் நடத்தினார். நெருப்புக்குச்சியை வைத்ததும் நைலோன் கயிற்றின் நுனி சுருண்டு மணியானது. வாளி விளிம்பில் சீவிய துண்டு மெழுகுதிரி போல உருகிச் சொட்டியது. பழைய ரேடியோவின் திருகுக் குமிழ் கறுத்ததே தவிர இளகவில்லை. எல்லாம் பிளாஸ்டிக்தான், குணம்தான் வேறு வேறு என்றார். வாளி துருப்பிடிக்காது, உக்கி மண்ணாகாது என்று அடித்துச் சொன்னார். பனையோலைப் பட்டையால் தண்ணீர் அள்ளிப் பழகிய அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

வெயில் அதற்கு ஆகாது என்பதை மட்டும் மாமா சொல்லவில்லை. ஒரு வருடம் கிணற்றுக்கட்டில் காய்ந்த வாளி, ஒன்பது வயதான என் கையிலிருந்து விழுந்து நாலைந்து துண்டாகியது. அம்மாவின் பூவரசந்தடி கண்முன் வந்தது. ஆனால் எனக்குப் புத்திக்குக் குறைவில்லை. வேலியில் பிரித்த பழைய ஓலையை, என் அப்பாவான ஐயா, உக்கிப் பசளையாகட்டும் என்று அந்தக் கிழமைதான் புகையிலைத் தோட்டத்து மண்ணுக்குள் தாட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் கொத்தும்போது அது மண்ணாகியிருக்கும், கூடவே வாளியும் போயிருக்கும். துண்டுகளை ஓலைக்கு அடியில் செருகிவிட்டு, வாளியைக் காணவில்லை என்று அம்மாவிடம் போய் அழுதேன். அம்மா நம்பிவிட்டார்.

அடுத்த வருடம் ஐயா தோட்டம் கொத்தியபோது மாமாவும் லீவில் வந்து நின்றார். ஓலை போன இடம் தெரியவில்லை. நீலத் துண்டுகள் மட்டும் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அம்மா என்னைப் பார்த்தார். நான் வேலியைப் பார்த்தேன். பிறகு வாங்க வேண்டியதை வாங்கினேன்.

மாமாவோ ஒரு துண்டைக் கழுவிப் பிடித்துக்கொண்டு, சொந்தப் பிள்ளை சோதினை பாஸானது போல நின்றார்.

“பாருங்கோ அத்தான், ஒரு வருசம் மண்ணுக்குள்ள கிடந்தும் நிறம்கூட மாறேல்லை. நான் சொன்னனான் தானே?”

ஐயா அசரவில்லை. துண்டுகளைக் கூட்டி அள்ளிப் புது ஓலைக்கு அடியில் போட்டு, மண்ணை இழுத்து மூடினார்.

“இந்த மண் செமிக்காததெண்டு ஒண்டுமில்லை. இன்னும் ரெண்டு வருசம் பொறும்.”

முதுகு எரிந்தாலும் எனக்கு அந்தப் போட்டி பிடித்திருந்தது. நான் மாமாவின் கட்சி. உக்காத சாமானைச் செய்கிறவர் கெட்டிக்காரர்தானே! ஒவ்வொரு வருடமும் கொத்து முடியுமுன் தோட்டத்துக்கு ஓடிப்போய்ப் பார்ப்பேன். நீலம் இருக்கும். இந்த முறையும் நீங்கள்தான் வென்றீர்கள் என்று மாமாவுக்குக் கடிதம் எழுதுவேன். தோற்றுக்கொண்டிருந்தது ஐயாவின் மண் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.