கங்கம்மாவுக்குப் போன மொத மாம்பழம்

எங்க தோப்பு முச்சூடும் தோதாபுரி. சித்தூருல மாங்கூழு போடுற பல்ப் பேக்டரிக்குப் போற காய். எங்க வூட்டுக்காரருக்கு அது ஒண்ணுதான் மாங்கா, மீதியெல்லாம் ஊறுகா. ஆனா கெணத்தோரம் ஒரு நீலம் மாமரம் கீது, எதுக்க ஒரு பங்கனபள்ளி. நீலம் கடைசியா வரும், நல்லா தாங்கும், சைஸ்தான் சிறுசு. பங்கனபள்ளி பெருசு, ருசி, சீக்கிரமே முடிஞ்சிடும். ரெண்டுக்கும் ஒரு புள்ள பொறந்தா?

ஒரு தபா பூ உட்டப்ப, பங்கனபள்ளிப் பூவக் கிள்ளினு வந்து நீலத்துப் பூ மேல தடவி, வேற ஈ வண்டு வராம கொசுவலைய சுத்தி வெச்சேன்.

"இன்னாமே, மரத்துக்குக் கல்யாணமா?"ன்னாரு அவரு.

"ஆமாய்யா. நமக்குப் பண்ண மாதிரி இல்லாம, பொருத்தம் பாத்துப் பண்றேன்."

அதுல வந்த கொட்டைங்கள நட்டேன். வருசக்கணக்கா காத்துக்கினு கெடந்தேன். ஒண்ணு காச்சிது, புளிப்பு. ஒண்ணு நாரு, துன்னா பல்லு தேச்ச மாதிரி. இன்னொண்ணுல கொட்டைதான் கீது, பழத்தையே காணோம். ஒவ்வொண்ணா நானே வெட்டச் சொன்னேன். கடைசியா ஒரே மரம் நின்னுது.

"இதும் புளிச்சா தலைய வெட்டி தோதாபுரி ஒட்டு கட்டிருவேன். இனிமே உன் மரத்துப் பழத்த நான் வாயில வெக்க மாட்டேன், சத்தியம்!"னுட்டாரு.

இந்த வருசந்தான் அது மொத தபா பிஞ்சு உட்டுது, காத்துல எல்லாம் கொட்டிப் போச்சு. தங்குனது ஒரே காய். தோப்பே காலியானப்புறம் அது பழுத்துது பாருங்க, வூடே மணக்குது! நான் துன்னுட்டு நல்லாக்கீதுன்னா எவன் நம்புவான்? காக்காக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதுவுமில்லாம மொதப் பழம் எங்க ஊரு ஆத்தா கங்கம்மாவோடது. மோந்துகூட பாக்கக் கூடாது. நான் பாக்கல. வாசனையே வந்து மூக்குல ஏறிக்கிச்சு.

அவரையும் இட்டுக்கினு கோயிலுக்குப் போனேன். புளிச்சா ஊரே மூஞ்ச சுளிக்கும், மரமும் போயிடும். பூசாரி படைச்சிட்டு, பழத்த துண்டு போட்டு எல்லார் கையிலயும் வெச்சினு வந்தாரு. இவரு கையிலயும் ஒண்ணு. திருதிருன்னு என்னப் பாத்தாரு.

"இன்னாய்யா, அம்மா பிரசாதத்த வேணான்றியா?"

"அடிப்பாவி!"ன்னுட்டு, கண்ணுல ஒத்தி வாயில போட்டாரு. மெல்றாரு, மெல்றாரு, மென்னுக்கினே கீறாரு. எனக்கு உசுரே போவுது.

பூசாரி வெரல நக்கிக்கினு, "எக்கடிதி அம்மா ஈ பண்டு? சால பாகுந்தி!"ன்னாரு தெலுங்குல. எங்கத்திப் பழம்மா இது, ரொம்ப நல்லாக்கீதாம்!

இவரு மறுபடி கைய நீட்டுனாரு. "இன்னொரு துண்டு போடு சாமி."

"சத்தியம் இன்னா ஆச்சு?"ன்னேன்.

"சத்தியம் மரத்துப் பழத்துக்கு. இது பிரசாதம்மே."

எனக்குன்னு மிஞ்சுனது கொட்டைதான். சப்பிப் பாத்தேன். தகடு மாதிரி கொட்டை, ஒரு நாரு இல்ல, தேன்! குதிக்கலாம்னு தோணுச்சு, முட்டி உடல.

மறுநாளு கத்திய எடுத்துக்கினு விறுவிறுன்னு தோப்புக்குப் போனாரு. நான் பின்னாலயே ஓடுனேன். மனுசன் சொன்ன மாதிரியே தலைய வெட்டுனாரு. எளசு தோதாபுரி ஒண்ணோட தலைய. என் மரத்துலேந்து ஒரு குச்சிய சீவி அதுல சொருகுனாரு.

"இன்னாய்யா, இந்தக் கல்யாணத்துக்குப் பொருத்தம் பாத்தியா?"

"வாய மூடிக்கினு கட்ற துணியக் குடுமே"ன்னாரு.