"போறேன்" என்று சொல்லாத சண்முகத்தாய் அக்கா

செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டத்துக்கு இட்லி வைத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. சண்முகத்தாய் அக்கா நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். இடைசெவலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, கோவில்பட்டி பைபாஸில் எங்கள் ஓட்டலில் பத்தொன்பது வருஷம் பரிமாறியவர். அங்கே சாப்பிட்ட உங்களில் யாரையும் அரைவயிற்றோடு எழவிட்டிருக்க மாட்டார். அழுதுகொண்டு எழுத எனக்கு இஷ்டமில்லை. அவர் ஜெயித்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

போன வருஷம் முதலாளி பரிமாறும் ரோபோ ஒன்றை வாங்கினார். தட்டு அலமாரிக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும். அக்கா நீங்கலாக நாங்கள் ஆறு பேரும் வேலையை விடுவதென்று முடிவு செய்தோம். துரத்துவதற்கு முன் நாமே கிளம்பினால் மரியாதையாவது மிஞ்சும் என்று நினைத்தோம். என் ராஜினாமா கடிதத்தை அக்கா வாங்கிப் படித்தார்.

"ஏட்டி, அது தட்டத்தான் கொண்டாருது. யாருக்குப் பசி அடங்கலன்னு அதுக்குத் தெரியுமா? பொறு."

கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கழுகுமலையிலிருந்து பெண் பார்க்கப் புறப்பட்ட குடும்பம் ஒன்று சாப்பிட வந்தது. ரோபோ பொங்கலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கணீரென்று "நான் போகிறேன்" என்றது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார்.

"நல்ல காரியத்துக்குக் கிளம்புத நேரத்துல போறேன்னு சொல்லுதே!"

வெளிமாநிலத்துக்காரரான மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா ஓடினார்.

"அண்ணாச்சி, அது புதுசு, பேசத் தெரியாம பேசிட்டு. நீங்க உக்காருங்க. சாப்பிட்டு, நல்லபடியா முடிச்சிட்டு வாங்க."

அவர் உட்கார்ந்தார். இன்னொரு கரண்டி பொங்கலும் கேட்டு வாங்கினார்.

நடந்ததைக் கேள்விப்பட்டு முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். அக்கா எங்களையும் கூட்டிக்கொண்டு போனார்.

"அதுக்கு நான் பேச்சு சொல்லிக் குடுக்குதேன். எச்சித் தட்டையும் சாம்பார் வாளியையும் அது தூக்கட்டும். பரிமாறுதது நாங்க. ஒருத்தியையும் நிப்பாட்டப்படாது."

முதலாளி சம்மதித்தார். என் கடிதம் அடுப்புக்குப் போனது. ஆறு பேரில் ஒருத்திகூட இன்றுவரை விலகவில்லை. வாளி தூக்கித் தூக்கி வலித்த என் தோள் இப்போது வலிப்பதில்லை. அதற்காகவே அந்த ரோபோவை எனக்குப் பிடித்தும்விட்டது. அதற்கான பேச்சை அக்கா தன் குரலிலேயே பதிந்து கொடுத்தார்.

காரியங்கள் முடிந்து நேற்று வேலைக்கு வந்தேன். ரோபோவை ஓடவிடலாமா என்று மேனேஜர் தயங்கினார். "விடுங்க சார்" என்றேன். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அதில் அவர் பதிந்த அந்த ஒரு சொல்தான். அதைக் கேட்காமல் எப்படி இருப்பது?

எச்சில் தட்டுகளை ஏற்றிக்கொண்டு அது திரும்பியது. அக்காவின் அதே அதட்டல் குரல்.

"சரி, போயிட்டு வாரேன்."

கூடத்தில் நின்ற ஆறு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்: "வாங்கக்கா."