ரிஜெக்ட் ஆன வயலின்

ஆம்பூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் ஒரு ஷூவை வைத்துத் தட்டிக்கொண்டே வந்தபோதுதான் தோன்றியது: சர்ச் கிறிஸ்துமஸ் விழாவில் என் வயலினுக்கு இவர்தான் தாளம்! ஷூவின் அடிப்பாகம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது ஃபேக்டரியில் அவர் வேலை. வீட்டுக்குப் போகும்போதும் விரல் நிற்காது.

விழா அன்றும் என் வயலின் கொரகொரத்தால் பாடகர் குழுவில் இடமில்லை என்று கொயர் மாஸ்டர் சொல்லியிருந்தார். கேட்டதும் ஒப்புக்கொண்டு விழாவுக்கு வந்து ஷூவில் தாளம் போட்டவர், பாதிப் பாட்டில் அதைக் கீழே வைத்தார். என் வயலினைப் பிடுங்கி ஓரமெல்லாம் தட்டினார்.

“இன்னாண்ணா பண்றீங்க?”

“இங்க ஒட்டு வுட்டுப்போச்சும்மா. ரிஜெக்ட்!”

சபையே சிரித்தது. மாஸ்டர்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். “அப்ப உன் கைமேல குத்தமில்ல. ஒட்டிட்டு ஈஸ்டருக்கு வாங்க, ரெண்டு பேரும்.”

வயலினை ஒட்டியாயிற்று. இனி ஈஸ்டருக்குள் சர்ச்சின் பழைய ஆர்மோனியத்தை அவர் கண்ணில் படாமல் மறைக்க வேண்டும்.