இரண்டு முறையும் நான்தான் பிடித்திருந்தேன்

எங்கள் தெருவில் இருப்பவர்களை முகத்தைவிடச் செருப்பை வைத்துத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். நீல வார் போட்ட ரப்பர் செருப்பு என்றால் எதிர்வீட்டு அம்மா. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த பூட்ஸ் என்றால் முதல் ஷிப்ட் முடித்து வரும் கோடிவீட்டுக்காரர். சின்ன வயதிலிருந்தே தரையைப் பார்த்துத்தான் நடப்பேன். மந்தாரக்குப்பத்தில் அதனால் எனக்கு நல்ல பெயர். பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டு கையில் ஆடி, பாதிக் காபி தட்டிலேயே கொட்டிவிட்டது. மாமியாராக வரவிருந்தவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "பயந்த பொண்ணு. நம்ம வூட்டுக்கு இதான் சரி" என்று சொல்லிப் பூ வைத்துவிட்டுப் போனார்.

இதை இப்போது எழுதக் காரணம் அப்பா.

அப்பா நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டியவர். ரிட்டையர் ஆனதும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு, மந்தாரக்குப்பத்தில் கட்டிய சின்ன வீட்டுக்கு வந்தார். அம்மா காலமான பிறகு நானும் என் கணவரும் அவரோடு வந்து சேர்ந்தோம். கணவருக்கு அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. ஆகவே பகலில் அப்பாவுக்கு நான், எனக்கு அப்பா.

எழுபது தாண்டியதும் அப்பாவுக்குத் தலைசுற்றல் வந்தது. திரும்பிப் படுத்தால் கூரை சுற்றுகிறது என்பார். அன்றிலிருந்து அவர் கையை நான் விட்டதில்லை. கடைக்குப் போனாலும் கொல்லைக்குப் போனாலும் முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். அப்படியும் இரண்டு முறை விழுந்தார். முதல் முறை, தெருவில் சாக்கடை வேலைக்குக் கொட்டியிருந்த மணலைப் பொழுது சாயும் நேரத்தில் தாண்டும்போது. இரண்டாம் முறை, கரண்ட் போயிருந்த ஒரு சாயங்காலம் கொல்லைப் படியில். அந்த முறை இடது மணிக்கட்டு முறிந்தது. இரண்டு முறையும் நானும் கூடவே விழுந்தேன். அப்பாவின் பாரம் என்னையும் இழுத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஓசூரில் இருக்கும் தம்பி போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "இன்னொரு வாட்டி வுழுந்தா இடுப்புதான் போவும்க்கா. நான் கூட்டிகினு வந்துடறேன்."

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "அவன் வூடு நாலாவது மாடி. ஜன்னல்ல பாத்தா இன்னொரு ஜன்னல்தான் தெரியுது. அங்க போயி நான் இன்னா பண்றது?"

காது டாக்டர், உள்காதில்தான் கோளாறு, பயிற்சி செய்தால் சரியாக வாய்ப்பு உண்டு என்றார். ஆறு வாரம் தவணை கேட்டோம். தம்பி ஒத்துக்கொண்டான். ஆறு வாரம் கழித்து வருவான். முனை டீக்கடை வரை அப்பா யார் கையையும் பிடிக்காமல் போய்த் திரும்பினால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

டவுன்ஷிப்பில் ஒரு பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். எல்லார் கையிலும் தொடுதிரை போன் வந்துவிட்ட காலம் அது. அந்தப் போனையே ஒரு பெட்டிக்குள் செருகிக் கண்ணில் மாட்டிவிடுவார்கள். மாட்டினால் வேறொரு இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். கடைத்தெரு, படகு, நகரும் சாலை என்று விதவிதமாக வைத்திருந்தார்கள். காலுக்கடியில் கனமான பஞ்சு மெத்தை. அதன்மேல் நின்றுகொண்டு, கண்ணில் தெரிவது ஆடினாலும் உடம்பு ஆடாமல் நிற்கப் பழக வேண்டும். அதற்கு வி.ஆர். பயிற்சி என்று பெயர்.

அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். அப்பாவை மெத்தையில் நிறுத்திப் பெட்டியை மாட்டினாள். "அப்பா, இப்ப ரோடு மெதுவா நகரும். பயப்படாதீங்க."

ரோடு நகர்ந்ததுதான் தாமதம், "சைரன் அடிக்காம எவன்டா பெல்ட்ட எடுத்தது?" என்று அப்பா அதட்டினார். சுரங்கத்தில் பெல்ட் ஓடத் தொடங்கும் முன் சைரன் ஒலிக்க வேண்டும். ஆபத்து என்றால் பக்கத்தில் நீளமாக ஓடும் கயிற்றை இழுத்தால் பெல்ட் நின்றுவிடும். அப்பாவின் வலது கை அந்தக் கயிற்றைத் தேடியது. அகப்பட்டது டேபிள் ஃபேன் வயர். இழுத்தார். ஃபேன் கீழே விழுந்து இறக்கை உடைந்தது.

அப்பா பெட்டியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். "நமக்கு இது ஆவாதும்மா."

"அப்பா, ஃபேன் போனா போகுது. இன்னொரு தடவை..."

"மொதல்ல என் பொண்ணு போடட்டும். அவ நின்னா நான் நிக்கறேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. முறைக்குக் காத்திருந்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சும்மா நில்லுங்கக்கா, அப்பாவுக்காக" என்று அந்தப் பெண் கெஞ்சினாள். மெத்தையில் ஏறினேன். பெட்டியை மாட்டினாள்.

ஒரே இருட்டு. அடுத்த கணம் என் தோள் சுவரில் மோதியது. பிறகு தரை. எங்கே விழுந்தேன், எந்தப் பக்கம் விழுந்தேன் என்று எதுவும் தெரியவில்லை.

அப்பா சிரித்தார். "பாத்தியா? அவளையே தள்ளிவுட்டுடுச்சி."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "அக்கா, நான் இன்னும் படமே போடல."

அது எனக்குப் புரியவில்லை. அவள் மறுபடி மெத்தையில் நிறுத்தி, என் இரண்டு பக்கமும் கை வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் மூடச் சொன்னாள். மூடினேன். அவள் கைமேல் சாய்ந்தேன். மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் அப்படித்தான்.

"முகத்துக்கு சோப்புப் போடும்போது எதையாவது புடிச்சிக்குவீங்களாக்கா?"

"குழாயப் புடிச்சிக்குவேன்."

"ஏன்?"

ஏன் என்றால் என்ன சொல்வது? எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். நாற்பத்தாறு வயதுவரை நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். "நீங்க புடிக்க மாட்டீங்களாப்பா?" என்றேன். அப்பா இல்லை என்று தலையாட்டினார். காத்திருந்த இரண்டு பேரும் இல்லை என்றார்கள்.

இருட்டில் நடப்பேனா, மணலில் நடப்பேனா, சைக்கிள் ஓட்டுவேனா, தலையை நிமிர்த்தி நடந்தால் எதிரே இருப்பது குதிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதிரே இருப்பது எல்லோருக்குமே குதிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு காது டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் நீண்ட நாள் ஊசி போட்டதுண்டா என்று கேட்டார். ஆறாம் வகுப்பில் ஒன்றரை மாதம் தினமும் போட்டார்கள். சில ஊசிமருந்து உள்காதைக் கெடுத்துவிடும், அதனால் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, இரண்டு காதிலுமே உடம்பைச் சாயாமல் நிறுத்தும் பகுதி பெரும்பாலும் வேலைசெய்யவில்லை, இத்தனை நாளும் கண்ணை வைத்துத்தான் நின்றிருக்கிறீர்கள் என்றார். அப்பாவுக்கு ஒரு காதில் கொஞ்சம். எனக்கு இரண்டிலும்.

நான் மெத்தையிலிருந்து விழுந்த அந்த முதல் நாள், வீடு திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் ஒருவர் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தோம். வழக்கம்போல் அப்பாவின் கையைப் பிடித்திருந்தேன். அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. மணல். இருட்டு. இரண்டு முறையும் நான்தான் பிடித்திருந்தேன். சட்டென்று கையை எடுத்துவிட்டேன்.

அப்பா என்னைப் பார்த்தார். அவரும் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார். "அப்ப ரெண்டு வாட்டியும் நீதான் என்னத் தள்ளிவுட்டியா?"

ஆட்டோவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா கட்டுப்போட்ட தன் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். "நான் வயசாயிடுச்சின்னு இல்ல நெனச்சிகினு கெடக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் ஒவ்வொன்றாக வந்து நின்றது. பத்தாவதோடு படிப்பு நின்றது ஏன்? மேல்வகுப்புப் பள்ளிக்கு எல்லாப் பெண்களும் சைக்கிளில் போனார்கள், எனக்கு ஓட்ட வரவில்லை. கல்யாண மண்டபத்தில் சுவரோரமாகவே நின்றது ஏன்? நான் கூச்சக்காரி என்று ஊர் சொன்னது, நானும் ஆமாம் என்று இருந்துவிட்டேன். எது கூச்சம், எது காது என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் இருக்கலாம்.

இருவரும் பயிற்சிக்குப் போனோம். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, அதைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். ஒரு தடவைக்கு இருபது முறை, வீட்டில் ஒரு நாளைக்கு ஐந்து தடவை. அப்பா வி.ஆர். பெட்டியைப் போட்டுக்கொள்ளும் முன் அந்தப் பெண் வாயாலேயே சைரன் ஒலி எழுப்புவாள். அதற்குப் பிறகு அவர் முரண்டு பிடிக்கவில்லை. நான்காவது வாரத்தில் படகுக் காட்சியில் அசையாமல் நின்றார். எனக்கு முழுதாகத் திரும்பாது, கண்ணும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும் என்றாள். ஒரே ஒரு உத்தரவு போட்டாள். ஒருவரை ஒருவர் தொடக் கூடாது.

தம்பி வருவதற்கு முந்தின நாள் அப்பா சொன்னார். "அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிக்கினு இருக்காத. சொன்னா இன்னிக்கே கெளம்புன்னுவான்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வந்தான். அப்பா கையை வீசிக்கொண்டு முனை டீக்கடைக்குப் போனார், தம்பி பத்தடி பின்னால். டீ குடித்துவிட்டு, எனக்கு இரண்டு மசால் வடையும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

"நல்லாத்தானே நடக்கறீங்க? அப்பறம் எப்டிப்பா ரெண்டு வாட்டி வுழுந்தீங்க?" தம்பி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"வயசாயிடுச்சில்ல" என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமல்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருப்பதுதான் எனக்குக் கைவந்தது. ஆனால் அப்பா தன் வயதின்மேல் அந்தப் பழியைப் போட்டுக்கொண்டதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. "நான்தான்டா" என்றேன். சோப்பு, குழாய், மெத்தை, மணல் என்று முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் சொன்னேன்.

தம்பி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு, "சைக்கிள் கத்துக்கும்போது கேரியரப் புடிச்சிகினு ஓடியாந்தது நான்தானேக்கா" என்றான். "கோழை கோழைன்னு எவ்ளோ திட்டனேன் உன்ன."

வடைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, நான் பயந்த கேள்விக்கு வந்தான். "இவ நெலமையே இப்டி இருக்கு. உங்கள எப்டிப்பா இவகிட்ட வுட்டுட்டுப் போறது?"

"என்ன எங்கடா அவகிட்ட வுடற?" என்றார் அப்பா. "அவளத்தான் என்கிட்ட வுட்டுட்டுப் போற."

மாலையில் தம்பி தனியாகத்தான் கிளம்பினான். அப்பா அவனை பஸ் ஏற்றிவிடப் போனார். நான் கேட்டில் நின்று கட்டைவிரலை நீட்டித் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். விரல் கொஞ்சம் குதித்தது, நின்றது, மறுபடி குதித்தது. தெருமுனையில் அப்பா திரும்பி வருவது அதன் பக்கத்தில் தெரிந்தது. கையை வீசித்தான் வந்தார். அந்த மணல் மேடு இன்னும் அப்படியே கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"எத்தன வாட்டி பண்ண?"

"இருவது."

"நான் அங்கருந்தே எண்ணிகினுதான் வரேன்" என்றார். "இன்னும் எட்டு இருக்கு, பண்ணு."