கடிக்காத முருங்கைக்காய்

நாகவல்லிக்கு ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. திருமுல்லைவாயிலில் ஏரிக்குப் போகிற சந்தில் அவள் வீடு. ஜன்னலை ஒட்டித் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, பக்கத்து ஃபிளாட்டுப் பெண்களின் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பாள். புடவையை ஜன்னல் வழியாக வாங்கி, ஜன்னல் வழியாகவே கொடுத்துவிடுவாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பேசாத நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். யார் வீட்டுக் கொடியில் ரெண்டு நாளாகத் துணி காயவில்லை, யார் மாமியாரோடு பேச்சை நிறுத்திவிட்டாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கேட்டால் சொல்ல மாட்டாள்.

அவள் புருஷன் தினகரன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்குக் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டினான். அப்பன் பாட்டன் காலத்தில் நெல் விளைந்த நிலம் மனையாகிப்போன பிறகு, அந்தக் குடும்பத்தில் மிஞ்சியது கையிலிருந்த டிரைவர் லைசென்ஸும் கொல்லையில் நின்ற முருங்கை மரமும்தான். சாப்பாட்டில் அவனுக்கு ஒரு முறை உண்டு. கறிவேப்பிலையை ஒன்று விடாமல் பொறுக்கி டிபன் மூடியின் ஓரத்தில் வரிசையாக வைப்பான். முருங்கைக்காய் கிடைத்துவிட்டால் சக்கை நாராகி வெளுக்கும்வரை விடமாட்டான். நாகவல்லியின் தம்பி விக்ரம் அதைப் பார்த்துச் சிரிப்பான்.

"இன்னா மாமே, கரும்பு மிஷின்ல உட்டு எடுத்த மாதிரி கீது. மாடு வந்து மோந்து பாத்துட்டு அழுதுகினு போவப் போவுது."

தினகரன் வாயிலிருந்து சக்கையை எடுக்காமலே சிரிப்பான்.

பட்டறையில் செம்புக் கம்பிச் சுருள் காணாமல் போனது. அந்த வாரச் சனிக்கிழமை காலை ரெண்டு பேர் சாதாரண சட்டை பேன்ட்டில் வந்து நின்றார்கள். சும்மா ஒரு விசாரணை, போனதும் அனுப்பிவிடுவோம் என்றார்கள். ஒட்ட வெட்டிய தலைமுடியையும் கால்களில் இருந்த பிரவுன் ஷூவையும் நாகவல்லி ஜன்னலிலிருந்து பார்த்தாள். சந்து முனையில் நின்ற வெள்ளை வண்டியையும், அதன் முன்பக்கம் கட்டியிருந்த காய்ந்த எலுமிச்சம்பழத்தையும், நம்பரையும் பார்த்தாள். தினகரன் திரும்பி, "சோறு ஆக்கி வெய், வந்துர்றேன்" என்று மட்டும் சொன்னான்.

மதியமாகியும் வரவில்லை. போன் அணைந்துகிடந்தது. விக்ரமுக்குப் போன் செய்தாள். அவன், நான் வந்தால் என்னையும் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள் அக்கா, நீ பொம்பளை, உன்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்றான். மகள் தேவிப்பிரியாவை அடுத்த தெருவில் நாத்தனார் வீட்டில் விட்டாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் சோறு கட்டினாள். ஸ்டேஷனுக்குப் போன ஆளுக்கு வீட்டிலிருந்து சோறு போவது அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். முருங்கைக்காய் சாம்பார் ஊற்றிப் பிசைந்த சோறு. மேலே நான்கு துண்டு முருங்கைக்காய்.

ஸ்டேஷனுக்குள் போய், தரையைப் பார்த்தபடி புருஷன் பெயரைச் சொன்னாள். எஸ்.ஐ. போனைப் பார்த்துக்கொண்டே பேசினார். தினகரன் என்று யாரும் இங்கே இல்லை, யாரும் யாரையும் கூட்டிவரவில்லை, புருஷன் எங்கே போனான் என்று அவன் கூட்டாளிகளைக் கேள் என்றார். அவள் நகராமல் நின்றாள்.  அவர் தலையை நிமிர்த்தினார்.

"இன்னொரு வாட்டி இங்க வந்து நின்னேன்னு வெய்யி, திருட்டுச் சாமானை ஊட்ல பதுக்குனதா உன் பேரையும் சேத்துருவேன். பொண்ணு இன்னா படிக்குது?"

மகளைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. அவளுக்கு மகள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

வெளியே வந்தவளை வேப்பமரத்தடியில் நின்ற வயதான ஏட்டு கூப்பிட்டார். சட்டையில் கன்னியப்பன் என்று பெயர் இருந்தது. அவர் அவளைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பைய வெச்சிட்டுப் போம்மா. பசிக்கிறவன் யாராச்சும் துன்னுவான். சாயந்திரமா வந்து எடுத்துக்க."

சாயந்திரம் பை மரத்தடியில் இருந்தது. ஏட்டைக் காணோம். பஸ் ஸ்டாப் வரைக்கும் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். அங்கே கூட்டமில்லாத ஓரமாக உட்கார்ந்து டிபனைத் திறந்தாள்.

மூடியின் ஓரத்தில் கறிவேப்பிலை வரிசையாக இருந்தது.

உள்ளேதான் இருக்கிறான், உயிரோடு இருக்கிறான் என்று ஒரு மூச்சு விட்டாள். அடுத்த மூச்சு வரவில்லை. சோறு பாதிக்கு மேல் போயிருந்தது. நான்கு முருங்கைக்காயும் அவள் வைத்தது வைத்தபடி இருந்தன. பல் பட்ட தடமே இல்லை. குழைந்த சோற்றை மட்டும் விழுங்கியிருக்கிறான். மெல்லக்கூட முடியாத அளவுக்கு அவன் வாயில் என்ன செய்திருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றிய எதையும் அவளால் முழுதாக நினைக்க முடியவில்லை. பஸ் வந்து போனது. அவள் ஏறவில்லை.

அவளுக்குத் தெரிந்த ஒரே வக்கீல் சபீனா. பக்கத்து ஃபிளாட்டில் இருந்தாள், அவள் கோர்ட்டுக்குக் கட்டும் கருப்பு வெள்ளைப் புடவைகளுக்கெல்லாம் நாகவல்லிதான் ஃபால்ஸ் தைத்திருந்தாள். அதுவரை ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத்தான் பழக்கம். சபீனா கதவைத் திறந்ததும் நாகவல்லி டிபனை நீட்டினாள்.

"அவரு உள்ளதான் கீறாரு மேடம். வாய்ல அடிச்சிருக்காங்க."

எப்படித் தெரியும் என்று சபீனா கேட்டாள். நாகவல்லி சொன்னாள். சபீனா சிரிக்கவில்லை. டிபனை வாங்கி மேஜைமேல் வைத்துப் போட்டோ எடுத்தாள். பிறகு யார் வந்தார்கள், எப்போது, என்ன வண்டி என்று கேட்டாள். ஷூவிலிருந்து எலுமிச்சம்பழம்வரை எல்லாம் நாகவல்லியிடம் இருந்தது. தலையைக் குனிந்தபடியே சொல்லச் சொல்ல, சபீனா தட்டச்சு செய்தாள். முன்பெல்லாம் இப்படி ஆளைக் கொண்டுபோனால் ஓடிப்போய்த் தந்தி அடிப்பார்களாம். இப்போது கமிஷனர் அலுவலகத்துக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் ஈமெயில் போகிறது. ஆள் அவர்கள் கையில் இருக்கிறான் என்று நமக்குத் தெரியும் என்பது எழுத்தில் பதிந்துவிட்டால், அவனை மறைத்து வைப்பது அவர்களுக்குக் கஷ்டம் என்று சபீனா விளக்கினாள். கூட்டிப்போன நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் கொண்டுவர வேண்டும். அங்கே அவரே கேட்பார், அடித்தார்களா என்று. அப்போது தினகரன் வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் நீ கையெழுத்துப் போடாதே.

"அவரு சொல்லலன்னா?" என்று நாகவல்லி கேட்டாள்.

சபீனா தட்டச்சை நிறுத்தினாள். அதுதான் பயமாக இருக்கிறது என்றாள் பிறகு.

ஞாயிற்றுக்கிழமை காலை, மாஜிஸ்ட்ரேட்டிடம் ஆளைக் கொண்டுவருகிறார்கள் என்று சபீனாவுக்குத் தகவல் வந்தது. கோர்ட் விடுமுறை. பூந்தமல்லிப் பக்கம் மாஜிஸ்ட்ரேட்டின் வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். ஜீப்பிலிருந்து தினகரன் இறங்கினான். நடையில் குறை தெரியவில்லை. சட்டைகூட வேறு, கசங்காத சட்டை. மூக்கிலிருந்து தாடைவரை நீல மாஸ்க். அவன் நாகவல்லியைப் பார்த்தான். தலையை மெல்ல, ஒரே ஒரு முறை, வேண்டாம் என்று அசைத்தான். அவனிடம் என்ன சொல்லி மிரட்டியிருக்கிறார்கள் என்று அவளுக்குக் கேட்காமலே புரிந்தது. அவளிடம் சொன்னதையேதான் சொல்லியிருப்பார்கள்.

முன்னறையில் மேஜைக்குப் பின்னால் மாஜிஸ்ட்ரேட் உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. நாகவல்லியை நிலைப்படிக்கு வெளியே நிறுத்தினார்கள். உள்ளே நடப்பது கேட்டது. இன்று காலைதான் கைது, டாக்டர் பார்த்துவிட்டார், காயம் எதுவும் இல்லை என்றார் எஸ்.ஐ. சபீனா எழுந்து, நேற்றுக் காலையே கூட்டிப்போனார்கள், ஈமெயில் அனுப்பியிருக்கிறோம், இவரை அடித்திருக்கிறார்கள் என்றாள். மாஜிஸ்ட்ரேட் தினகரன் பக்கம் திரும்பினார்.

"போலீஸ்காரங்க யாராவது உங்களை அடிச்சாங்களா? பயப்படாம சொல்லுங்க."

தினகரன் இல்லை என்று தலையாட்டினான்.

சபீனா மறுபடியும் ஏதோ சொன்னாள். கட்சிக்காரரே இல்லை என்கிறாரே என்று மாஜிஸ்ட்ரேட் பேனாவை எடுத்தார். நாகவல்லி அந்தப் பேனாவையே பார்த்தாள். அது காகிதத்தில் இறங்கிவிட்டால், அடி விழவே இல்லை என்று ஆகிவிடும். மறுபடி அவனை ஜீப்பில் ஏற்றுவார்கள். எஸ்.ஐ. சற்றே திரும்பி அவளைப் பார்த்தார். பொண்ணு இன்னா படிக்குது என்று கேட்ட அதே பார்வை. அவள் நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். 

"அம்மா... அவரு முருங்கைக்காய கடிக்கலம்மா."

அறையில் எல்லாரும் திரும்பினார்கள். ஒரு போலீஸ்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். மாஜிஸ்ட்ரேட் பேனாவைத் தூக்கியபடி, என்ன சொன்னீர்கள், நீங்கள் யார் என்று கேட்டார். நாகவல்லி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சோறு கொண்டுபோனது, டிபன் திரும்பி வந்தது, கறிவேப்பிலை, காய். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன.  விட்டுப்போனதை மறுபடி சொன்னாள்.

"மாஸ்க்க கழட்டச் சொல்லுங்கம்மா. வாயத் தொறக்கச் சொல்லுங்க. அது போதும்."

தினகரன் அவளைப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. மாஜிஸ்ட்ரேட் மாஸ்க்கை எடுக்கச் சொன்னார். யாரும் அசையவில்லை. எடுங்கள் என்று ரெண்டாம் முறை சொன்னார். அவனே எடுத்தான்.

இடது கன்னம் வெற்றிலை அடக்கியவன் கன்னம்போல் உப்பியிருந்தது. நிறம் மட்டும் நாவற்பழ நிறம். வாயைத் திறக்கச் சொன்னதற்கு ஒரு விரல் போகிற அளவுக்குத்தான் திறந்தது.

"நேத்து பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான் மேடம்," என்றார் எஸ்.ஐ.

"நேத்தா? கைது இன்னைக்குக் காலையிலன்னுதானே எழுதியிருக்கீங்க?"

 மாஜிஸ்ட்ரேட் போலீஸ்காரர்களை வாசலுக்கு வெளியே போகச் சொல்லிவிட்டுத் தினகரனிடம் தனியாகக் கேட்டார். இந்த முறை அவன் சொன்னான். சொல்ல நேரம் பிடித்தது. தாடை இடம் கொடுக்கவில்லை. அவர் காயத்தைத் தன் கையாலேயே எழுதி, வேறு டாக்டரிடம் காட்டச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவ்வளவு நேரமும் நாகவல்லி வெளியே எஸ்.ஐ.யின் பக்கத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது. அவர் ஒன்றுமே பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊட்டும்போது தினகரன் அவளைத் திட்டினான். திறக்காத வாயால் திட்டினான். உனக்கு எதற்கு இந்த வேலை, நாளைக்கு உன்னையும் தூக்கிக்கொண்டு போனால் பாப்பாவை யார் பார்ப்பது என்றான்.  ஸ்பூனை அவன் வாயருகே பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் கழித்து அவன் குடித்தான்.

ஜாமீன் கிடைத்தது. கடைவாய்ப் பல் ரெண்டு போயிருந்தன. பட்டறைக்காரர் வேறு டிரைவரை வைத்துக்கொண்டார். மனித உரிமை ஆணையத்தில் விசாரணை தொடங்கி, நாகவல்லியும் வந்து வாக்குமூலம் தர வேண்டும் என்று கடிதம் வந்தது. அன்றிலிருந்து சந்தில் போலீஸ்காரர்கள் ஓட்டுகிற புல்லட் பைக் சத்தம் கேட்டாலே தையல் மிஷின் மிதியில் அவள் கால் தானாக நின்றுவிடும். தேவிப்பிரியாவைப் பள்ளிக்கூடத்துக்கு அவளே கொண்டுபோய் விட்டு, அவளே கூட்டி வந்தாள்.

ஒரு மத்தியானம் ஜன்னலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தாள். லுங்கியும் பூப்போட்ட சட்டையுமாக ஏட்டு கன்னியப்பன் நின்றிருந்தார். சீருடை இல்லாமல் அவர் சுருங்கிப்போனவர்போல் தெரிந்தார். ஜன்னலைச் சாத்தக் கை நீட்டினாள். பிறகுதான் கவனித்தாள், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவர் சந்து முனையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாக்குமூலத்துல என் பேர சொல்லப் போறியாம்மா?"

அவள் ஊசியைப் புடவையில் குத்தி வைத்தாள்.

"ரிட்டயர் ஆவுற நேரம். சோத்த நான்தான் உள்ள கொண்டுபோனேன்னு தெரிஞ்சா, என்ன உட மாட்டாங்க. நான் வெச்சிட்டுப் போன்னுதான் சொன்னேன். யாருக்குன்னு சொல்லவேயில்ல, இல்லியா?"

"சொல்லலீங்க," என்றாள் நாகவல்லி.

"அப்ப அத மட்டும் சொல்லு."

அவள் மடியிலிருந்த புடவையைப் பார்த்தாள். இவர் அந்தப் பையை உள்ளே எடுத்துப்போகாமல் இருந்திருந்தால் அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. இவர் பெயரைச் சொல்லாவிட்டால் அந்த டிபன் எங்கே போய் எங்கிருந்து திரும்பியது என்று கேட்பார்கள். அவளிடம் பதில் இருக்காது.

"நீங்க எடுத்துக்கினு போனதாலதான் அவரு உசுரோட கீறாரு," என்றாள். "கேட்டா அதத்தான் சொல்லுவேங்க. எனக்கு வேற சொல்லத் தெரியாது."

 அவர் கம்பியை விடாமல் நின்றார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள்.

"இப்ப மெல்றாரா?" என்று கேட்டார்.

"ஒரு பக்கமா."

அவர் தலையை ஆட்டிவிட்டுச் சந்து முனைவரை போய், ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பெரிய ரோட்டுக்குப் போகாமல் ஏரிப்பக்கமாகத் திரும்பினார். அந்த வழியில் அவர் வீடு இருக்கிறதா, இல்லை யார் கண்ணிலும் படாமல் போகிறாரா என்று நாகவல்லிக்குத் தெரியவில்லை. அவர் மறையும்வரை பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், வேகவைத்திருந்த முருங்கைக்காயைப் பிளந்து, சதையை ஸ்பூனால் வழித்து, தினகரனின் சோற்றில் போட்டுப் பிசைந்தாள்.