பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு ஸ்பீக்கர்

பெங்களூரில் இருந்து வந்த வேலை உத்தரவை நானே கொண்டுபோய் அப்பா கையில் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் தலையில் நானே நாலு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. தபால்காரர் என்னிடம்தான் கொடுத்தார். கவரைக் கிழித்ததும் நான்தான். படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு என் டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருக்கலாம். அதை விட்டுவிட்டுத் தலைகால் புரியாமல் ஓடி, கோழிப்பண்ணையில் தீவனம் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் நீட்டினேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தலையாட்டினார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பாக்கலாம் சாமி" என்றார்.

எங்கள் அப்பாவின் 'பாக்கலாம்' என்ற சொல்லுக்கு அர்த்தம் கண்டுபிடித்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. அது சரி என்பதும் ஆகாது, வேண்டாம் என்பதும் ஆகாது. கிணற்றை ஆழப்படுத்தும் பேச்சு மூன்று வருடமாக அந்தச் சொல்லுக்குள்தான் கிடந்தது. என் வேலையும் அதற்குள் போய் விழுந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எருமப்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டம். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து நான் ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் மூன்று வருடம் இருந்து, தனியாக பஸ் ஏறிப் போய் வந்தவள், இங்கே நாமக்கல்லில் ஒரு சோப்பு வாங்க வேண்டுமென்றாலும் அப்பாவின் வண்டி எப்போது கிளம்பும் என்று காத்திருக்க வேண்டும். "ஊட்டுல வண்டிய வச்சுட்டு பஸ்சுல எதுக்கு?" என்பார். வயசுக்கு வந்த பெண் தனியாகப் போகக் கூடாது என்பதைத்தான் அவ்வளவு மரியாதையாகச் சொல்லுவார். கம்பெனிக்காரர்கள் ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தார்கள். தினமும் அவருக்குச் சோறு போடும்போது முகத்தைப் பார்ப்பேன். அவர் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்பார்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்காரர் ஓட்டித் தேய்த்துத் தள்ளிவிட்ட பழைய ஸ்டேஷன் வேகன் அது. பின்னால் டிக்கிக்குப் பதிலாக ஒரு கதவு. அப்பா நடு சீட்டைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் நீளமாக மரப்பெஞ்சு அடித்திருந்தார். சேலத்துக்கு முட்டை கொண்டுபோகும் நாளில் பெஞ்சின் மேலும் கீழும் முட்டை அட்டைகள் இருக்கும். ஒறம்பரை என்று சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் நாளில் அங்கே அம்மாவும் நானும் இருப்போம். ஆண்கள் முன்னால், அப்பா ஓட்ட, பக்கத்தில் பெரும்பாலும் மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. குமாரபாளையத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். முட்டை உடைந்து பலகையில் ஊறிய வாடையோடு, பக்கவாட்டில் உட்கார்ந்து, வந்த பாதையைப் பார்த்துக்கொண்டே போவோம். எங்கே போகிறோம் என்பது முன்னால் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒன்று, அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கும். நடுவில் தடுப்பு கிடையாது. எஞ்சின் இரைச்சலுக்கு மேல் அவர்கள் கத்திப் பேச வேண்டும் என்பதால் நன்றாகவே கேட்கும். அம்மா கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, திடீரென்று ஒரு வார்த்தை போடுவாள். ஒருதடவை மாமாவும் அப்பாவும் ஒரு கிடாரிக் கன்றுக்கு விலை பேசி முடிக்கப்போகும் நேரத்தில், "ஏனுங்க, அதை விக்கற பேச்சே வேண்டாமுங்க" என்றாள். அப்பா முணுமுணுத்தார். கன்று எங்கள் கட்டுத்தறியில்தான் இருந்தது.

அப்பா அந்த வருடம் வண்டிக்கு ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கிப் போட்டிருந்தார். ஒரே ஸ்பீக்கர், அதுவும் முன்னால். எங்களுக்குத் தகரம் கொட்டுகிற மாதிரி ஏதோ கேட்கும், அவ்வளவுதான். பெங்களூர்க் கடிதம் வந்து நாலாம் நாள், நான் மறுபடியும் பேச்சை எடுத்தேன். அப்பா சிரித்தார்.

"மொதல்ல நம்ம வண்டியில பின்னாடியும் பாட்டுக் கேக்கற மாதிரி பண்ணு அம்முணி. படிச்ச படிப்பு எந்த லட்சணத்துல இருக்குதுன்னு தெரியட்டும். அப்புறம் பெங்களூரப் பாக்கலாம்."

எனக்கு றெக்கை முளைத்துவிட்டது. பரீட்சைதானே, வைக்கட்டும் என்று நினைத்தேன். அறுபது ரூபாய்க்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன் என்றார். அதையும் பரீட்சையின் ஒரு கேள்வி என்றுதான் எடுத்துக்கொண்டேன். மக்கு.

நாமக்கல் ரேடியோ கடையில், செத்துப்போன இரண்டு வால்வு ரேடியோக்களில் இருந்து ஸ்பீக்கர்களைக் கழற்றி வாங்கினேன். ஒன்று வட்டம், ஒன்று முட்டை வடிவம். வட்டத்தின் காகிதம் கிழிந்திருந்தது. மெல்லிய தாளை வைத்து என் நகப்பூச்சைத் தடவி ஒட்டினேன். டீத்தூள் வந்த பலகைப் பெட்டியைப் பிரித்து, ரம்பத் துண்டின் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, இரண்டு பலகையிலும் ஓட்டை அறுத்தேன். மேலே கோழிக்கூண்டுக் கம்பிவலை, அதன் உள்பக்கம் பழைய வாயில் புடவைத் துண்டு. முட்டை அட்டை இடிக்காமல் இருக்க, பின்கதவின் இரண்டு ஓரத்திலும் கூரையை ஒட்டி மாட்டினேன்.

ஒயருக்குத்தான் காசு பற்றவில்லை. கடைக்காரர் சுலபமான வழி சொன்னார்: "ஒத்த ஒயர் போதுமுங்க. இன்னொண்ண பாடியில குடுத்துடுங்க, வண்டியே ஒயருதானுங்களே." எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கென்னவோ சந்தேகம், பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பார்த்தேன். மற்ற வண்டிகளில் பேட்டரியின் மைனஸை வண்டியின் உடம்போடு சேர்த்திருப்பார்கள். இந்தக் கிழட்டு வண்டியில் தலைகீழ், உடம்பில் ஓடியது பிளஸ். டேப்பை மாட்டிய புண்ணியவான் அது தெரிந்துதான் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி, டேப் எங்கும் தகரத்தில் படாமல் வைத்திருந்தான். கடைக்காரர் பேச்சைக் கேட்டிருந்தால் டேப் புகைந்திருக்கும். ஸ்பீக்கருக்கு இரட்டை ஒயர்தான் இழுத்தாக வேண்டும். மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன். தறிக் கொட்டகையில் கழற்றிப் போட்ட ஒயர் ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தார். "கெட்டிக்காரி" என்று என் கன்னத்தைக் கிள்ளினார்.

இரண்டு ஸ்பீக்கரையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கோத்தேன், டேப்புக்குச் சுமை ஏறாமல் இருக்க. கடைசியில் அப்பா ஒன்று கேட்டார்.

"முன்னாடி சத்தம் இருந்தா ஓட்டறப்பத் தொந்தரவா இருக்குது சாமி. முன்னாடி நின்னு பின்னாடி மட்டும் பாடற மாதிரி ஒரு சுவிட்சு வெய்யி."

கட்டிலில் தொங்குமே, பெட் ஸ்விட்ச், அதில் ஒரு தினுசு வாங்கி டேப்புக்குக் கீழே தொங்கவிட்டேன். ஒரு பக்கம் அழுத்தினால் முன்னால், மறுபக்கம் அழுத்தினால் பின்னால். மொத்தம் ஐம்பத்தெட்டு ரூபாய்.

முதல் பாட்டு பின்னால் கணீரென்று வந்தபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா வண்டியைச் சுற்றி வந்து, ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்து, "பரவால்லியே" என்றார். பாஸாகிவிட்டேன் என்று நினைத்தேன். பெங்களூர் பற்றிக் கேட்டதற்கு, "பாக்கலாம்" என்றார்.

அதற்கப்புறம் எங்கே போனாலும் பின்னால் பாட்டுதான். சேலம் போனோம், பாட்டு. கோயிலுக்குப் போனோம், பாட்டு. மாமா ஏறி உட்கார்ந்ததும் அப்பாவின் கை ஸ்விட்சுக்குப் போகும். முன்னால் இரண்டு தலைகளும் ஒன்றின் பக்கம் ஒன்று சாய்ந்து ஆடுவது தெரியும். வாய் அசைவது தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது சுத்தமாகக் கேட்காது. அம்மாவின் வாயும் அன்றோடு அடைத்துப்போனது. எதைப் பேசுகிறார்கள் என்று தெரிந்தால்தானே குறுக்கே பேச. எனக்கு அது உறைக்கவே இல்லை. என் வேலைத்திறமையைத் தகப்பன் அனுபவிக்கிறார் என்று பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். நாட்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

தவணைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தபோது வெண்ணந்தூரில் சொந்தத்தில் ஒரு சாவு. வண்டியில் போனோம். போகும்போது டேப்பை யாரும் தொடவில்லை. எடுத்து முடிய மத்தியானம் ஆகிவிட்டது. பஸ்ஸில் வந்திருந்த மாமா, கிளம்பும்போது எங்களோடு ஏறிக்கொண்டார். அவருடைய ஊருக்கு வழி வேறு பக்கம். சரி, ஏதோ காரியம் இருக்கும் என்று நினைத்தேன்.

ஊர் எல்லை தாண்டியதும் பின்னால் பாட்டு ஆரம்பித்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் அப்பா சாவு வீட்டுக்குப் போய் வந்தால், தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வீட்டுக்குள் ஒரு சொம்பைத் தொடமாட்டார். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் செத்ததற்கு மூன்று நாள் ரேடியோவைத் திருப்பவிடாத மனுஷன். அவர் கையாலேயே சினிமாப் பாட்டைப் போடுகிறார்.

"அம்மா, எழவு ஊட்டுல இருந்து வாரோம். பாட்டாம்மா?" என்றேன்.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே பார்த்தாள்.

அப்போதுதான் புரிந்தது. பாட்டு எங்களுக்காக இல்லை. என் தலைக்கு மேலேதான் ஒயரை முடிச்சுப் போட்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தேன். எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்த சத்தத்தில், அந்த முடிச்சைப் பிடுங்கினேன். கோத்துப் போட்டதால் இரண்டு ஸ்பீக்கரும் ஒரே சமயத்தில் நின்றன. டேப்பின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. முன்னால் பேச்சு மும்முரம், ஒருவரும் திரும்பவில்லை.

மாமா சொல்லிக்கொண்டிருந்தார்: "திருச்செங்கோட்டுல போர் போடற ரிக்கு வண்டி ரெண்டு ஓடுதுங்க மச்சான். பையன் தங்கம். ஆனாப் புள்ள பெங்களூரு பெங்களூருன்னு நிக்குதுங்களே?"

"பெங்களூராவது ஒண்ணாவது" என்றார் அப்பா. "அது வர்லீங்கன்னு நான் அன்னிக்கே எழுதிப் போட்டுட்டேன் மாப்ள. கை சும்மா இருந்தாப் பொலம்பிட்டே இருக்கும்னுதான் இந்த ஸ்பீக்கரு வேலையக் குடுத்தேன். அது பாட்டுக்குப் பண்ணிட்டுக் கெடந்துச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை செய்த குறும்பைச் சொல்லிச் சிரிக்கிற மாதிரி, பிரியமாகச் சிரித்தார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"வண்டிய நிறுத்துங்கப்பா!" என்று கத்தினேன்.

அப்பா பதறி பிரேக் போட்டார். அந்தப் பின்கதவுக்குக் கைப்பிடி வெளியே மட்டும்தான். அவர் இறங்கி வந்து திறக்கும்வரை கதவை அறைந்துகொண்டிருந்தேன்.

"என்ன சாமி, வாந்தி வருதா?"

கீழே இறங்கினேன். "எப்ப எழுதிப் போட்டீங்க?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே தொங்கிக்கொண்டிருந்த ஒயரைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவம் என்று எனக்குத் தோன்றியது, அந்த நேரத்திலும். கேவலம்.

"அது ஆச்சு சாமி" என்றார். "ஏறு. தீட்டோட நடுரோட்டுல நின்னுட்டு. ஊட்டுக்குப் போயித் தலைக்குத் தண்ணி ஊத்தோணும்."

ராசிபுரத்துப் பக்கம் இருந்து சேலம் பஸ் ஒன்று வந்தது. நாங்கள் ரோட்டில் நிற்பதைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் படியில் நின்று, ஏறுகிறீர்களா என்று கையால் கேட்டார். சேலம் போனால் பெங்களூருக்கு பஸ் உண்டு. கம்பெனியின் விலாசம் எனக்கு மனப்பாடம். எட்டு நாள் பாக்கி இருந்தது. நேரில் போய் நின்று, அந்தக் கடிதம் நான் எழுதியதில்லை என்று சொல்லியிருக்கலாம். கேட்டிருப்பார்களோ என்னவோ. அப்பா என்னைப் பிடிக்கவில்லை. மாமா இறங்கக்கூட இல்லை. பஸ் போனது.

நானேதான் வண்டியில் ஏறினேன். யாரும் கையைப் பிடித்து இழுத்து ஏற்றவில்லை. அப்பா கதவை மெதுவாகச் சாத்தினார், விரல் நசுங்கிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து.

நாமக்கல் வரைக்கும் முன்னால் ஒரு வார்த்தை கிடையாது. பாட்டு இல்லாமல் அவர்களால் பேச முடியவில்லை. நாமக்கல் தாண்டிய பிறகு அம்மா என் பக்கம் சாய்ந்தாள்.

"உங்கப்பா எழுதிப் போட்டது எனக்குத் தெரியும் சாமி. நீ ஸ்பீக்கரு மாட்டறப்பவே தெரியும்" என்றாள்.

வைகாசியில் திருச்செங்கோட்டில் கல்யாணம் முடிந்தது. வெண்ணந்தூர் போய் வந்த மறுநாள் காலையிலேயே நான் அப்பாவோடு பேசிவிட்டேன். காப்பி ஆறுதுங்கப்பா என்றேன். அம்மாவோடு கல்யாணம்வரை பேசவில்லை. முகூர்த்தப் புடவையை அவள் எடுத்துக் காட்டியபோதும் பேசவில்லை. அதற்கப்புறமும் நாலு வருடம், கேட்டதற்கு மட்டும் பதில். அவள் ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. என் கோபம் முழுக்க அப்பா மேல்தான் என்பது அப்போதே எனக்குத் தெரியும். அவர் முகத்துக்கு நேரே அதைக் காட்டும் தைரியம் எனக்கு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அம்மா.