புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேலே வா

மொன்றியலில் ஒரு ஃபுட்போல் அணிக்கு மூன்று வருடம் உடுப்புத் தோய்த்தேன். தொண்ணூறுகளின் பிற்பகுதி. அதற்கு முன் சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவன் நான். நேர்முகத்தில் ஃபுட்போல் தெரியுமா என்று கேட்டார்கள். ஊரில் பள்ளிக்கூட அணிக்கு உதைபந்து ஆடியவனல்லவா, தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டேன். முதல் நாள் அந்தப் பந்தைப் பார்த்ததும் யாரோ அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். காலால் உதைப்பது எப்போதாவதுதான், மற்றப்படி எல்லாம் கை.

எங்கள் அறை மைதானத்தின் அடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. நான்கு தோய்க்கும் இயந்திரங்கள், ஒரு தையல் இயந்திரம், எப்போதும் ஈரமாகவே இருக்கும் தரை. எனக்கு மேலே ஒரு தலைவர், கியூபெக்காரர், வாயில் எப்போதும் பல்குத்தும் குச்சி. சட்டைகளின் முதுகில் ஆட்டக்காரர் பெயர்ப்பட்டியைத் தைப்பதும், அவர்கள் போகும்போது பிரிப்பதும் என் வேலை. தைத்ததைவிடப் பிரித்ததுதான் அதிகம்.

அவன் அமெரிக்காவின் தெற்கிலிருந்து வந்த ரிசீவர். ஓரத்தில் நின்று, ஆளை ஏமாற்றி ஓடி, தூரத்திலிருந்து எறியும் பந்தைப் பிடிப்பவன். வயது இருபத்தொன்பது. அந்த வேலைக்கு அது கிழவயது. அமெரிக்காவில் மூன்று அணிகள் அவனை எடுத்து, பயிற்சி முடியுமுன்பே அனுப்பியிருந்தன. ஒரு வசந்தகாலம் ஐரோப்பாவில் ஆடினான். பிறகு கனடாவில் இன்னொரு நகரம், அங்கிருந்து இங்கே. தொலைக்காட்சியில் முழு ஆட்டமொன்றில் அவன் முகம் தெரிந்தது ஒரேயொரு தரம், அதுவும் வாங்கில் உட்கார்ந்திருந்தபோது. அவனே சொல்லிச் சிரிப்பான். அவனுடைய ஆங்கிலத்தில் எனக்கு விளங்கியதை என் தமிழில்தான் எழுதுகிறேன்.

ரிசீவர்களுக்குச் சட்டைக் கை இறுக்கமாக இருக்கவேண்டும். தொளதொளவென்று இருந்தால் எதிராளி பிடித்து இழுத்துவிடுவான். மற்றவர்கள் சட்டையை எறிந்துவிட்டுப் போவார்கள். இவன் பக்கத்தில் நின்று, நான் தைத்து முடித்ததும் போட்டுப் பார்த்து, கையை உயர்த்திக் காட்டி, நன்றி சொல்லிவிட்டுத்தான் போவான். ஒரு ஞாயிறு என் வீட்டுக்கு வந்து இறைச்சிக்கறி சாப்பிட்டு, கண்ணால் நீர் வடிய வடிய இன்னும் கேட்டான். அன்று வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன். இந்த நாட்டில் வெள்ளையோ கறுப்போ, என் மேசையில் சாப்பிட்ட முதல் ஆள் அவன்தான். எனக்கு அதில் பெரிய பெருமை.

அந்த அணியில் இரண்டு சட்டங்கள் இருந்தன. அடிபட்டால் மருத்துவ அறைக்குப் போய்ப் பதிவேட்டில் பெயர் எழுதவேண்டும். எழுதியவனைச் சுகமாகும்வரை அணியிலிருந்து அனுப்ப முடியாது, வைத்து வைத்தியம் பார்க்கவேண்டும். ஆனால் எழுதிய அன்றே அவனுடைய இடத்தில் இன்னொருவன் ஓடத் தொடங்கிவிடுவான். இடம் போனால் போனதுதான். அதனால் ஒருவரும் எழுதுவதில்லை. விரல் முறிந்தவன் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு ஓடுவான். கெட்டிக்காரன் என்றால் கடைசி நாள் வரை மறைத்து, அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்த காலையில் ஓடிப்போய் எழுதுவான். அந்தக் கடைசி நாள் எது என்று முன்கூட்டியே தெரிவது கீழே எங்கள் இரண்டு பேருக்குத்தான், பெயர்ப்பட்டியைப் பிரிக்கச் சொல்லி எங்களுக்கே முதலில் செய்தி வரும்.

செப்டெம்பரில் ஒரு ஆட்டம். அவன் நடுவில் குதித்துப் பந்துக்கு எட்டியபோது ஒருவன் தலையால் வந்து தலையில் மோதினான். எழுந்தான், எதிரணி வாங்குப் பக்கம் நடந்தான், யாரோ திருப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் பயிற்சி முடிந்தபின் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பந்து எறியச் சொன்னான். நான் கிரிக்கெட்டில் எறிவதுபோல எறிவேன், அதற்கே அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை. பத்தடி தூரத்தில் நின்று நான்கு பந்துகளைத் தவறவிட்டான். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிடித்தான்.

"என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

"ரெண்டு பந்து வருது. கீழ வாறதைப் பிடிச்சாச் சரி. ஆருக்கும் சொல்லிப்போடாத."

"நான் ஏன் சொல்லப்போறன்?"

இரகசியம் காப்பதில் எங்களை யாரும் வெல்ல முடியாது. ஊரில் இராணுவச் சோதனைச் சாவடிகளில் வாயைப் பொத்தியே வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு மனிதன் என்னை நம்பினான் என்று அன்று மகிழ்ந்தேன். மடையன் நான். அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மருத்துவர் முன் நிறுத்தியிருக்கவேண்டும்.

அதற்குப் பிறகு நான்கு ஆட்டம் ஓடினான். கனடாவில் பந்து அசையுமுன்பே ரிசீவர் ஓடத் தொடங்கலாம், அமெரிக்காவில் அசையாமல் நிற்கவேண்டும். "அந்த நாலு எட்டுச் சலுகையில்தான் என் வயதை ஒளிச்சு வைச்சிருக்கிறன்" என்பான். கண்ணை எங்கே ஒளிப்பது? கைக்கு வந்த பந்துகள் நழுவின. மேலே இருந்தவர்கள் வயதாகிவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

அக்டோபரில் ஒரு காலை நான் வேலைக்கு வந்ததும் தலைவர் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். எடுத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அவன் பெயரைச் சொல்லி, ஆள் மேலே போனதும் பட்டியைப் பிரி, சாமான்களைக் குப்பைப் பையில் போட்டுக் கட்டு என்றார். "அதுவரை வாயைத் திறக்காதே, விளங்குதா?" என்றுவிட்டுக் கோப்பி எடுக்கப் போனார்.

அவர் போன வழியால் அவன் வந்தான். கையில் சட்டை. மழைக்குத் தொய்ந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு இடது கையை இன்னும் கொஞ்சம் பிடித்துத் தருவாயா என்றான்.

வாங்கினேன். இயந்திரத்தில் உட்கார்ந்தேன். நூல் கோத்தேன்.

பத்து நிமிடம் இருந்திருக்கும். மருத்துவ அறை அந்த நடையின் மறு முனையில், கதவு திறந்தே இருந்தது. போய்ப் பேரை எழுது, இப்பவே போ. இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. அவன் தன் மகளின் பல் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டு நின்றான். நான் குனிந்தபடி ஓம் ஓம் என்றேன். அந்த மாதம் என் மனைவியை ஊரிலிருந்து எடுப்பதற்கான விண்ணப்பம் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. வேலைக் கடிதம் கேட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்கவேண்டியவர் கோப்பி எடுக்கப் போயிருந்தார். பயம்தான், வேறொன்றுமில்லை. தையல் மிக நேராக வந்தது.

அவன் அதைப் போட்டுப் பார்த்துக் கையை உயர்த்திக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு உதவிப் பயிற்சியாளன் வந்தான். அணியிலிருந்து நீக்கிவிட்டோம் என்று ஒருவரும் நேரே சொல்லமாட்டார்கள். ஆட்டத் திட்டங்கள் எழுதிய புத்தகம் ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்கும், அதைத் திருப்பி வாங்குவதுதான் செய்தி.

"பயிற்சியாளர் கூப்பிடுறார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேலே வா."

ஆறாவது தடவையாக அந்த வசனத்தைக் கேட்கிறான். முகம் மாறவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து என் மேசையில் வைத்தான்.

"உனக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டான்.

"இல்லை" என்றேன்.

மேலே, சுகமாக இருக்கிறேன் என்ற தாளில் கையெழுத்து வைத்தானாம். வேறொரு அணி கூப்பிடக்கூடும், கண் பழுதானவனை யார் கூப்பிடுவார்கள் என்று எண்ணியிருப்பான். நான் சொல்லியிருந்தாலும் அவன் பேர் எழுதப் போயிருக்கமாட்டான் என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு முறையும் நம்பவில்லை.

அடுத்த வருடப் பனிக்காலத்தில் அமெரிக்காவிலிருந்து என் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தான். மனைவி வந்து சேர்ந்துவிட்டாள். நான் வேலையில் நிரந்தரமாகியிருக்கவில்லை. கண் நரம்பு பழுது என்று அங்கத்தைய மருத்துவர் சொல்கிறாராம், வைத்தியத்துக்கு அணியைக் கேட்டால் பதிவேட்டில் ஒன்றுமில்லை என்கிறார்களாம். "நீ பாத்தனி. வேற ஆரும் பாக்கேல்லை. பாத்ததை ஒரு கடிதமா எழுதி அனுப்பு."

"ஓம், எழுதுறன்" என்றேன். முகவரியையும் எழுதிக்கொண்டேன்.

கடிதத்தின் அருமை எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. என் அகதி வழக்கில் என்னைப் பிடித்துக்கொண்டுபோனதைப் பார்த்த ஒருவர், எங்கள் ஊர்த் தபாலதிபர், தன் பெயரையும் முகவரியையும் போட்டு எழுதித் தந்தார். அந்தக் கடிதம் வழியில் யார் கையில் அகப்பட்டாலும் அவர் தலை போயிருக்கும். அதைக் காட்டித்தான் நான் இங்கே இருக்கிறேன். என் தலைக்கு ஒரு ஆபத்தும் இல்லை, போனால் உடுப்புத் தோய்க்கிற வேலை போகும். இருந்தும் இரண்டு வரி எழுதுவேன், ஆங்கிலம் பிழை என்று கிழிப்பேன். ஆங்கிலம் ஒரு சாட்டு. புது ஒப்பந்தம் வரட்டும், பேந்து எழுதலாம் என்று தள்ளினேன்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மறுபடி எடுத்தான். மனைவிதான் போய் எடுத்தாள். அவள் ஆங்கிலத்துக்குத் தடுமாறியதிலேயே யாரென்று எனக்கு விளங்கிவிட்டது. நான் இல்லையென்று சொல்லும்படி கையால் காட்டினேன். அவள் தன் புது ஆங்கிலத்தில் இல்லையென்றாள், நிறைய நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள், பிறகு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஆரப்பா அது? நல்ல மரியாதையாக் கதைக்கிறார்."

"வேலையிடத்து ஆள். என்னவாம்?"

"நீங்கள் எழுதின கடிதம் இன்னும் வரேல்லையாம். நீங்கள் அனுப்பியிருப்பியள் எண்டு தனக்குத் தெரியுமாம், தபால்தான் எங்கயோ துலைச்சுப்போட்டுதாம். எழுதினதுக்கு நன்றி சொல்லச் சொன்னார்."

நான் சோற்றைப் பிசைந்தேன். அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை.